அடுத்த ரீடிங் வரட்டும்

சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்ததும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுகிறவர்கள் ஒரு ரகம். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. துணி நனையாது, கதையும் நகராது. கையை நீட்டி, நனைந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கைப்பேசியைத் திறந்து, 'மழைக்கு நாற்பது சதவீத வாய்ப்பு' என்று படித்துவிட்டு, "அப்போ உறுதியாச் சொல்றதுக்கில்ல" என்று மறுபடி வந்து உட்காருகிறவர்கள் இன்னொரு ரகம். நம்முடைய ஆராய்ச்சி இவர்களைப் பற்றியது. இதுவரை எந்த அறிஞரும் இந்த உயிரினத்துக்குப் பெயர் சூட்டாத குறையை இன்றோடு தீர்த்துவிடுவோம். 'அடுத்த ரீடிங் ஆசாமி' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி தூங்குவான், இவர் கண் கொட்டாமல் விழித்திருப்பார். பயந்தாங்கொள்ளியா? கிடையாது. பயந்தவன் ஓடிவிடுவான், இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார். முடிவெடுக்க மாட்டேன் என்று இவர் சொன்னதாக ஒருவரும் சாட்சி சொல்ல முடியாது. எடுக்கத்தான் போகிறார். கை கூட நீண்டுவிட்டது. இன்னும் ஒரே ஒரு தகவல் வந்துவிட்டால் தீர்ந்தது.

அந்தத் தகவலும் வரும். அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும் என்பதுதான் இவருடைய வாழ்க்கையின் சுவாரஸ்யம்.

துணிக்கடையில், பேருந்து நிறுத்தத்தில், பல் டாக்டரின் வாசலில் என்று இவரை எங்கும் பார்க்கலாம். ஆனால் கலப்பில்லாத அசல் சரக்கு வேண்டுமென்றால், ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் ஒரு பெரிய அணையின் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போக வேண்டும். அங்கே சுவர் முழுக்க ஒரு திரை. திரைக்கு எதிரே ஒரு சுழல் நாற்காலி. நாற்காலியில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஆறிப்போன தேநீரை ஆறவில்லை என்ற நம்பிக்கையில் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். பதவி முதுநிலைப் பொறியாளர். அலுவலகம் முழுக்க அவருக்கு 'ரீடிங் சார்' என்று பெயர். அது தன் துல்லியத்துக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நாமும் அதைக் கெடுக்க வேண்டாம்.

வீட்டில் அவரைப் பால் காய்ச்ச விடுவதில்லை. முன்பெல்லாம் அடுப்புப் பக்கம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மனைவி குளிக்கப் போவார். ரீடிங் சாரும் அப்படி இப்படி நகராமல், வைத்த கண் வாங்காமல், பாலையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஓரத்தில் நுரை கட்டும். பார்ப்பார். நடுவில் ஏடு உப்பும். பார்ப்பார். பாத்திரத்தின் விளிம்பைத் தொடும். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று பார்ப்பார். மனைவி ஓடிவந்து அணைக்கும்போது பால் பாதி அடுப்பில் இருக்கும். "பார்த்துக்கோங்கன்னு சொன்னேனே!" என்றால், "பார்த்துட்டுத்தானேம்மா இருந்தேன்" என்பார். பொய்யே கிடையாது அதில்.

அவருக்குக் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? பெண் பார்த்துவிட்டு வந்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அவர் யோசிக்கப் போன வேகத்தைப் பார்த்து அவருடைய அக்காவே பெண் வீட்டுக்குப் போன் போட்டு, "என் தம்பிக்கு முழுச் சம்மதம்" என்று சொல்லிவிட்டார். செய்தி கேட்டதும் தம்பி விட்டார் பாருங்கள் ஒரு பெருமூச்சு, அதைப் போல் ஒரு நிம்மதி அவர் முகத்தில் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறோம்.

முதலில் அணையைப் புரிந்துகொள்ளுங்கள், கஷ்டமில்லை. மலைக்கு இந்தப் பக்கம் பெரிய அணை. மழை வந்தால் நிரம்பித் தளும்பும். மலைக்கு அந்தப் பக்கம் சின்ன அணை. அது எப்போதும் தண்ணீரில்லாமல் வாய் பிளந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவே மலையைக் குடைந்து ஒரு சுரங்கம். சுரங்கத்தின் வாயில் ஒரு மதகு. இங்கே நீர் ஏறும்போது அந்த மதகை நேரத்தோடு திறந்துவிட்டால் உபரித் தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும். அங்கே குழாயில் தண்ணீர் வரும், இங்கே ஆற்றங்கரை நனையாது. நேரத்தோடு திறக்காவிட்டால்? அணையின் உச்சியில் பழைய காலத்துப் பொறியாளர்கள், பின்னால் வரப்போகிற ஒருவரையும் நம்பாமல், மிதவையில் இயங்கும் கதவுகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீர் உச்சியைத் தொட்டால் மிதவை ஏறும், கதவு தானாகச் சாயும், வெள்ளம் ஆற்றில் இறங்கும். அது யாரிடமும் கையெழுத்து கேட்பதில்லை.

இந்த மதகை எப்போது திறப்பது என்று சொல்லத்தான் அந்தச் சுவர்த்திரை வந்தது. மலை முழுக்க மழைமானிகள், ஆறு நெடுக நீர்மட்டக் கருவிகள், வானத்தில் ரேடார், எல்லாவற்றின் கணக்கையும் கால் மணிக்கு ஒருமுறை வாங்கிப் போட்டுக் கலக்கி, 'மதகைத் திறக்கவும், இவ்வளவு திறக்கவும், திறக்காவிட்டால் இன்னது நடக்கும்' என்று பச்சை எழுத்தில் காட்டும். கீழே இரண்டு பொத்தான்கள்: 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்'. ரீடிங் சார் அது சம்பந்தமான கூட்டங்கள் ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றிலும் முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாகப் போய், ஒரே ஒரு திருத்தம்தான் கேட்டார்.

"மூணாவதா ஒரு பட்டன் வேணுமே."

"எதுக்கு சார்?" என்றாள் மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்திருந்த பெண்.

"ஏற்கவும் இல்ல, மறுக்கவும் இல்ல. அந்த மாதிரி நிலைமைக்கு."

"அந்த மாதிரி நிலைமைல நீங்க என்ன சார் பண்ணுவீங்க?"

"அதை அப்போ பார்த்துக்கலாம்மா."

பட்டன் வந்தது. 'அடுத்த அளவுக்குக் காத்திருக்கிறேன்'. மஞ்சள் நிறம். அதோடு அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். இந்தத் திரை வெறும் கணக்குப் பிள்ளை இல்லை. அனுபவசாலி ஒருவர் எப்படி முடிவெடுக்கிறார் என்று பக்கத்திலிருந்து பார்த்து, நாளாவட்டத்தில் தானும் அப்படியே யோசிக்கப் பழகிக்கொள்ளும். அதற்குத் தகுந்த ஒரு பெரியவர் வேண்டும். அறையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரீடிங் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்கிட்டயே கத்துக்கட்டும்" என்றார். கேட்டீர்களா? அவர் தன் வாழ்க்கையில் யோசிக்காமல் எடுத்த ஒரே முடிவு அதுதான்.

அந்த மழைக்காலம் முழுக்கத் திரை கற்றது. இவர் கற்பித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் அவர் பணிக்கு வந்தபோது மலை முகடு தெரியவில்லை. திரை அவர் உட்காரும் முன்பே பச்சையில் எழுதிவிட்டிருந்தது: 'சுரங்க மதகைத் திறக்கவும்.' மதகின் விசையருகே ஆபரேட்டர் தயாராக நின்றார். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"திறந்துடலாமா சார்?"

"மேல மழை குறையுதான்னு பார்த்துட்டுத் திறப்போம். அடுத்த ரீடிங் வரட்டும்."

மஞ்சள் பட்டன்.

அப்போது போன் அடித்தது. மனைவியின் தம்பி. அவன் கதையைத் தெரிந்துகொண்டால்தான் அன்றைக்கு என்ன பணயம் என்பது உங்களுக்குப் புரியும். அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில், தாழ்வான துண்டு நிலத்தில் அவன் செடிப்பண்ணை வைத்திருந்தான். பழக்கன்றுகள், எல்லாம் ஒட்டுக் கட்டியவை. ஒரு வருடத்து உழைப்பு பைபையாக வரிசைகட்டி நின்றது. தண்ணீர் வந்தால் அத்தனையும் போகும். மேட்டுக்கு ஏற்றலாம்; லாரியில் ஏற்றினால் குலுக்கலில் பாதிக்குப் பாதி ஒட்டு விட்டுப்போகும். ஆகவே அவனுக்கு உலகத்தில் வேண்டியது ஒரே ஒரு சொல்தான். வெள்ளம் வருமா, வராதா?

"மாமா, லாரிக்காரன் வாசல்ல நிக்கிறான். ஏத்தட்டுமா, வேணாமா?"

"மாப்ள, இப்போதைய நிலவரப்படி பார்த்தா..."

"நிலவரம் வேணாம் மாமா. சுரங்கத்தைத் திறக்கறீங்களா?"

"திறக்கறதாத்தான் இருக்கு."

"அப்போ ஏத்த வேணாம்?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"அப்போ ஏத்தணும்?"

"அவசரப்படாத மாப்ள. பத்து நிமிஷத்துல சொல்றேன்."

போனை வைத்ததும் மறுபடி அடித்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்கா.

"தம்பி, கொழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்துதான் வருது. ஒங்க பக்கம் மழை கொட்டுதாமே? அந்தத் தண்ணியக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி விடேன்டா."

"பார்த்துட்டு இருக்கேன்க்கா."

"எதைடா பார்க்குற?"

"ரீடிங்க."

"ஒரு குடத்துக்கு எத்தன ரீடிங் வரும்?" என்று அக்கா போனை வைத்தார்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று, நிலைமையை ரசியுங்கள். சாதாரணமாக ஒரு மனிதனால் முடிவெடுக்க முடியவில்லை என்றால் நாலு பேர் நாலு விதமாக இழுக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே? மச்சினன் திற என்கிறான். அக்கா திற என்கிறார். திரை திற என்கிறது. ஆபரேட்டர் விசையைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நிற்கிறார். திறக்க வேண்டாம் என்று சொல்ல உலகத்தில் ஓர் ஈ காக்கை கிடையாது. ரீடிங் சாரே திறக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார்! அத்தனை பேரும் ஒரே பக்கம் நின்றும் வண்டி நகரவில்லை என்றால், அந்தச் சாதனைக்கு எவ்வளவு பெரிய திறமை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

புதிய அளவு வந்தது. நீர் ஏறியிருந்தது. "ஏறுது. ஆனா போன தடவை ஏறுன வேகத்துல ஏறல. பார்த்தீங்களா? இது குறையறதுக்கு அறிகுறியா இருக்கலாம்." மஞ்சள். அடுத்த அளவு வந்தது. முந்தின வேகத்தைவிட அதிகமாக ஏறியிருந்தது. "இது ரொம்ப அதிகமா இருக்கே. கருவியில ஏதோ கோளாறு. அடுத்தது வந்தா தெரிஞ்சிடும்." மஞ்சள். அதற்கடுத்தது முன்னதை உறுதிப்படுத்தியது. "ரெண்டும் அச்சா ஒரே மாதிரி இருக்குன்னா அதுவே சந்தேகம்தான்." மஞ்சள். மேலே ஒரு மழைமானி பேச்சை நிறுத்திக்கொண்டது. அவர் முகம் மலர்ந்தது. ஒரு கருவி குறைகிறது என்றால் தகவல் முழுமையில்லை. தகவல் முழுமையில்லாமல் பொறுப்புள்ள அதிகாரி எப்படி முடிவெடுப்பார்?

"சார்," என்றார் ஆபரேட்டர், "காலைலருந்து விசை மேல வெச்ச கை. மரத்துப்போச்சு. இப்போ நீங்க திறன்னு சொன்னாலும் அதுக்கு விளங்குமோ என்னமோ."

"கையை எடுத்துட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"குடிச்சிட்டு வர்றதுக்குள்ள சொல்லிட்டீங்கன்னா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆபரேட்டர் டீ குடிக்கப் போனார்.

மனைவியிடமிருந்து போன். "என்னங்க, அவன் என்கிட்ட அழுவுறான். லாரிக்காரன் கெளம்புறேன்னு குதிக்கிறானாம். ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணைச் சொல்லித் தொலைங்களேன்."

"சொல்லிட்டுத்தானே இருக்கேன்..."

"என்ன சொன்னீங்க?"

"சொல்றேன்னு சொன்னேன்."

"பாலு பொங்குனா தொடச்சிக்குவேன். ஆத்தை எதை வெச்சுங்க தொடைக்கறது?"

இந்தக் கேள்வி எங்கேயோ போய்த் தைத்தது. ரீடிங் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். நீர்மட்டக் கோடு உச்சிக்கோட்டுக்கு மிக அருகே வந்திருந்தது. இப்போது திறந்தாலும் சுரங்கம் சமாளித்துவிடும் என்று பச்சை எழுத்து இன்னமும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆபரேட்டரும் திரும்பி வந்து விசையைப் பிடித்துவிட்டார். உங்களுக்கு நம்பிக்கை வராது, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: ரீடிங் சாருடைய கை மஞ்சளைத் தாண்டிப் பச்சைக்குப் போனது. விரல் 'ஏற்கிறேன்' மேல் நின்றது.

அழுத்துவதற்கு முன்னால், எதற்கும் இன்னொரு தடவை படித்துவிடுவோமே என்று ரீடிங் சார் தலையைத் தூக்கினார். அந்தக் கணத்தில் கால் மணி முடிந்து புது அளவு வந்து விழுந்தது. திரை ஒருமுறை கண் சிமிட்டியது. பச்சை எழுத்து மறைந்து மஞ்சள் எழுத்து வந்தது.

'தற்போது முடிவு தேவையில்லை. அடுத்த அளவுக்குக் காத்திருப்பது உகந்தது.'

"என்னய்யா இது?" என்று ரீடிங் சார் எழுந்தே விட்டார். "தண்ணி தலைக்கு மேல போகுது, காத்திருக்கச் சொல்லுது! இவ்வளவு செலவு பண்ணி வாங்கி வெச்சிருக்கோம், ஒரு முடிவு எடுக்கத் துப்பில்லையே இதுக்கு!" நிறுவனத்துப் பெண்ணுக்குப் போன் பறந்தது. "ஏம்மா, உங்க மெஷினுக்கு என்ன கேடு? திறக்கவான்னு கேட்டா பார்க்கலாங்குது!"

அவள் தன் பக்கத்துக் கணினியில் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"கோளாறு ஒண்ணும் இல்ல சார். கொஞ்சம் முன்ன வரைக்கும் அது தன் இஷ்டத்துக்குத் திற, திறன்னு சொல்லிட்டு இருந்துச்சு. நீங்க போன வருஷத்துலருந்து விடாம திருத்திட்டே இருந்தீங்கள்ல? இப்பதான் முழுசாத் திருந்தியிருக்கு."

"இப்போ நான் என்ன பண்றது?"

"அது சொல்றது சரியாப் படலன்னா 'மறுக்கிறேன்' அழுத்துங்க சார். உங்க சொந்த முடிவை எழுதிட்டு நீங்களே திறந்துக்கலாம்."

சொந்த முடிவு. அந்தச் சிவப்புப் பட்டனை அவர் அதுவரை தொட்டதே இல்லை. இன்று தொட்டார். நன்றாக அழுத்தியும் விட்டார். திரையின் நடுவே வெள்ளையாக ஒரு கட்டம் விரிந்தது. 'மறுப்பதற்கான காரணம்.' கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு நின்று நின்று மின்னியது.

'என் அனுபவத்தில்' என்று தட்டினார். அனுபவம் என்றால் எந்த அனுபவம் என்று கேட்பார்களே, அழித்தார். 'நிலைமையின் அவசரம் கருதி' என்று தட்டினார். அவசரம் என்று தெரிந்தும் காலையிலிருந்து என்ன செய்தாய் என்பார்கள், அழித்தார். 'உறவினர் ஒருவரின்' என்று தட்டிவிட்டுப் பதறிப்போய் அழித்தார்.

"சார், எதையாவது எழுதுங்க சார்! மழைன்னு எழுதுங்க! தண்ணின்னு எழுதுங்க!" என்று ஆபரேட்டர் கத்தினார்.

"எவ்வளவு மழைன்னு கேப்பாங்களேய்யா. இருங்க, அடுத்த ரீ..."

அவர் முடிப்பதற்குள் தலைக்கு மேலே எங்கேயோ ஒரு முனகல் கேட்டது. துருப்பிடித்த பெரிய பொருள் ஒன்று வெகுநாள் தூக்கத்திலிருந்து புரண்டு படுப்பது போன்ற சத்தம். சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பழைய காலத்து மிதவை ஏறிவிட்டது. ஒரு கதவு சாய்ந்தது. பிறகு அடுத்தது. ஆற்றங்கரை நெடுக அபாயச் சங்கு ஊத ஆரம்பித்தது.

ரீடிங் சார் நாற்காலியில் மெல்லச் சாய்ந்தார். நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்யாணச் செய்தி கேட்ட அன்றைக்கு வந்த அதே பெருமூச்சு, அச்சு மாறாமல், இத்தனை வருடம் கழித்து மறுபடி வந்தது.

"அப்பாடா," என்றார். "முடிவாயிடுச்சு."

சங்கு சத்தத்தில் கரையிலிருந்த சனங்கள் எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். ஓர் உயிருக்கும் சேதமில்லை. கன்றுகளுக்குத்தான் கால் கிடையாது. அக்கா வீட்டுக் குழாயில் அன்றைக்கும் காற்றுதான் வந்தது.

விசாரணை நடந்ததா என்கிறீர்களா? நடக்காமல்! ரீடிங் சாரே அறிக்கை எழுதிக் கொடுத்தார். கிடைத்த தகவல்கள் போதவில்லை என்பது அதன் சாரம். மலையில் இன்னும் அதிக மழைமானிகள் வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை வரும் அளவு இனி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வர வேண்டும். மேலிடம் மகிழ்ந்து போய் உடனே ஒப்புதல் தந்தது. முன்பு கால் மணிக்கு ஒருமுறைதான் அவரால் காத்திருக்க முடிந்தது. இப்போது அதே நேரத்தில் மூன்று தடவை காத்திருக்கிறார். விஞ்ஞானம் என்றால் சும்மாவா?

வெள்ளம் வடிந்தபின் மச்சினன் ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தான். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. கையில் ஒரே ஒரு பை. அதில் ஒரே ஒரு கன்று. வேலிக்கம்பியில் மாட்டிக்கொண்டு தப்பியதாம். அதைச் சாப்பாட்டு மேசையின் மேல், ரீடிங் சாருடைய தட்டுக்கு நேர் எதிரே, சேற்றோடு வைத்தான்.

"சண்டைக்கு வரல மாமா," என்றான். "பொழச்சது இது ஒண்ணுதான். ஒங்களுக்குத்தான் கொண்டாந்தேன். எந்த எடத்துல நடலாம்னு மட்டும் சொல்லுங்க, குழி வெட்டிட்டுப் போயிடறேன்."

ரீடிங் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கல் நெஞ்சக்காரர் என்று அவரை ஒருவரும் சொல்லிவிட முடியாது. எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்தார். இடது மூலையைப் பார்த்தார். வலது மூலையைப் பார்த்தார். வானத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"வெயில் எந்தப் பக்கம் சாயுதுன்னு ஒரு வருஷம் பார்த்துட்டு..."

மச்சினன் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் நின்ற இடத்துக்கு அரை அடி தள்ளிக் கடப்பாரையைப் போட்டான்.

கன்று இப்போது நன்றாக இருப்பதாகக் கேள்வி. ரீடிங் சாரும் நன்றாக இருக்கிறார். இவரைப் போன்ற ஒருவரை உங்களுக்கும் தெரியும் என்று இந்நேரம் சிரித்திருப்பீர்கள். இதை அவருக்கு அனுப்பலாமா என்றும் நினைத்திருப்பீர்கள். அனுப்புங்கள். அல்லது, தவறாக எடுத்துக்கொள்வாரோ, இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாமோ, சாயங்காலம் அவர் மனநிலை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அனுப்பலாமோ என்று யோசிக்கிறீர்களா?

நல்லது. யோசியுங்கள். அடுப்பில் பால் ஏதாவது வைத்திருந்தால் மட்டும் முதலில் போய் அணைத்துவிடுங்கள்.